வரிசைமுறை இரட்டை டர்போ: எப்படி இயங்குகிறது, எங்கே சறுக்குகிறது – முழுமையான வழிகாட்டி

ஒரு இன்ஜினில் இரண்டு டர்போக்களைப் பூட்டுவது பெரிய வித்தை இல்லை. ஒன்று முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும்போது, சும்மா கிடக்கும் இன்னொன்றை ஓட்டுநருக்குத் தெரியாமல் வேலைக்குக் கொண்டுவருவதுதான் வித்தை. வரிசைமுறை இரட்டை டர்போ என்ற ஏற்பாட்டின் உயிர் அந்த அரை விநாடிக் கைமாற்றத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டவருக்கு இந்த கார்கள் ஏன் அப்படி இழுக்கின்றன, ஏன் சில சமயம் நடுவில் மூச்சு வாங்குகின்றன, பழுதானால் எங்கே கை வைக்க வேண்டும் என்பதெல்லாம் தாமாகவே விளங்கிவிடும். அதனால் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஒற்றை டர்போவின் இக்கட்டு

டர்போவின் அடிப்படை நூறு ஆண்டுகளுக்கும் மேல் பழையது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூஹி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வெளியே வீணாகப் போகும் புகைவாயு ஒரு டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரசர் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, இன்ஜினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் அதற்கேற்ப எரிபொருளையும் கூட்டலாம், சக்தி கூடும்.

சிக்கல் எங்கே என்றால், இன்ஜினின் பசி ஒரே அளவில் இருப்பதில்லை. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவையும் உள்ளிழுக்கும். 3 லிட்டர் இன்ஜின் ஒன்று 2,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 2,000 சுற்றில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 லிட்டர் காற்றை இழுக்கும். 6,000 ஆர்பிஎம்மில் 9,000 லிட்டர். பூஸ்ட், அதாவது டர்போ கூடுதலாகத் திணிக்கும் காற்றழுத்தம், சேரும்போது இந்த இடைவெளி இன்னும் விரியும். சிறிய டர்போவைப் பூட்டினால் கீழ்ச் சுற்றிலேயே சுறுசுறுப்பாக எழும். ஆனால் மேலே போகப் போக அதன் குறுகிய வழியில் புகைவாயு நெருக்கியடிக்கும். இன்ஜினே தன் புகையை வெளியேற்றத் திணறும். பெரிய டர்போவைப் பூட்டினால் மேலே வானத்தைக் கிழிக்கும். கீழே, புகைவாயு போதாமல் சோம்பிக் கிடக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தியதற்கும் கார் பாய்வதற்கும் இடையில் வரும் அந்தத் தாமதத்தைத்தான் டர்போ லேக் என்கிறார்கள்.

இந்தத் தாமதத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே வடிவத்தில், ஒரே உலோகத்தில் செய்த சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறன் அதன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்ப மாறும். விட்டத்தை 20 சதவீதம் குறைத்தால், சுழலத் தொடங்க அது காட்டும் எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும். பாதியாகக் குறைத்தால் 32-இல் ஒரு பங்கு! ஒரு பெரிய சக்கரத்துக்குப் பதில் இரண்டு சிறியவற்றைப் பூட்டும் யோசனை இங்கிருந்துதான் பிறக்கிறது. இரண்டில் ஒன்றுக்கு மட்டும் முதலில் புகைவாயு முழுவதையும் கொடுத்தால் லாபம் இரட்டிப்பாகும். சக்கரமும் சிறியது, கிடைக்கும் காற்றோட்டமும் முழுமையானது.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

கைமாற்றத்துக்குப் போகும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இரண்டு டர்போ இருப்பதெல்லாம் வரிசைமுறை ஆகாது.

நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் ஆர்பி26 இன்ஜினில் இரண்டு டர்போக்கள் உண்டு. ஆறு சிலிண்டர்களில் மூன்று ஒன்றுக்கு, மூன்று மற்றொன்றுக்கு. இரண்டும் ஒரே அளவு. எப்போதும் சேர்ந்தே ஓடும். இது இணை அமைப்பு. கைமாற்றமே கிடையாது, ஆகவே கைமாற்றக் கோளாறும் கிடையாது.

பிஎம்டபிள்யூ 2004-இல் கொண்டுவந்த 535டி டீசல் வேறு வகை. சிறியதும் பெரியதுமாக இரண்டு டர்போக்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். பெரியது அமுக்கிய காற்றைச் சிறியது மேலும் அமுக்கும். சுற்று கூடியதும் சிறியதைச் சுற்றிக்கொண்டு காற்றும் புகையும் நேராகப் பெரியதன் வழியாகப் போகும். இதற்கு இரண்டு கட்ட அமைப்பு என்று பெயர். 3 லிட்டரில் 272 குதிரைத்திறனும் 560 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கிடைத்தன.

'ட்வின்பவர் டர்போ' என்ற எழுத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கு அடியில் இரண்டு டர்போ இருப்பதாக நம்புகிறவர்கள் சென்னையில் நிறைய பேர். சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் பிஎம்டபிள்யூ கார்கள் பாகம் பூட்டித் தயாரிக்கப்படுகின்றன. அங்கிருந்து வரும் நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார்களில் இருப்பது ஒரே ஒரு டர்போ. அதன் டர்பைன் வீட்டில், அதாவது சக்கரத்தைச் சூழும் உறையில், மட்டும் புகைவாயுவுக்கு இரண்டு தனி வழிகள் உண்டு. நல்ல தொழில்நுட்பம்தான், விளம்பரத் துறையின் கைவண்ணம் அதைவிட நல்லது.

மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் தயாரான எண்டவரிலும் இந்த மயக்கம் உண்டு. அதன் சகோதரனான எவரெஸ்டுக்கு வெளிநாடுகளில் 2 லிட்டர் இரட்டை டர்போ டீசல் கிடைத்தது. நமக்குக் கொடுத்தது 170 குதிரைத்திறன் தரும் ஒற்றை டர்போ வகை. பழைய கார் சந்தையில் யாராவது 'பைடர்போ எண்டவர்' என்று விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

கைமாற்றம், படிப்படியாக

இனி உண்மையான வரிசைமுறை அமைப்பு. எடுத்துக்காட்டுக்கு டொயோட்டா சுப்ராவின் 2ஜேஇசட்-ஜிடிஇ இன்ஜினையே எடுத்துக்கொள்கிறேன். 1993-இல் வந்த ஏ80 தலைமுறை, 2,997 சிசி, ஆறு சிலிண்டர் நேர்வரிசை. ஜப்பானில் 280 குதிரைத்திறன் என்று அறிவித்தார்கள். அமெரிக்காவுக்குப் போனவற்றில் 320. இரண்டு டர்போக்களும் ஒரே அளவுதான். முதலாவது, இரண்டாவது என்று பிரிப்பது அவற்றைச் சுற்றியுள்ள வால்வுகளே.

நினைவில் வைக்க வேண்டியவை ஐந்து. இரண்டாவது டர்பைனிலிருந்து புகை வெளியேறும் வழியில் ஒரு பெரிய கதவு: புகைக் கட்டுப்பாட்டு வால்வு. அதன் பக்கவாட்டில் ஒரு சிறிய கதவு: புகை மாற்றுவழி வால்வு. இரண்டாவது கம்ப்ரசரின் காற்று இன்ஜினுக்குள் நுழையும் வழியில் ஒன்று: காற்றுக் கட்டுப்பாட்டு வால்வு. அந்தக் காற்று வழியிலேயே, ஒரு திசையில் மட்டும் திறக்கும் மெல்லிய நாக்குபோன்ற ரீட் வால்வு. ஐந்தாவது, எல்லா டர்போவிலும் இருக்கும் வேஸ்ட்கேட். மிஞ்சும் புகைவாயுவை டர்பைனுக்குள் விடாமல் வெளியே தள்ளி பூஸ்ட்டை வரம்புக்குள் வைப்பது இதன் வேலை.

படி 1: தனி ஓட்டம். கீழ்ச் சுற்றில் இரண்டாவது டர்போவின் எல்லாக் கதவுகளும் மூடியிருக்கும். ஆறு சிலிண்டர்களின் புகைவாயுவும் முதல் டர்பைன் வழியாகவே போயாக வேண்டும். 3 லிட்டர் இன்ஜினின் முழு மூச்சும் ஒரு சிறிய சக்கரத்தின் மேல் விழுவதால், சுமார் 1,800 ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட் எழத் தொடங்கும். இங்கே காற்றுக் கட்டுப்பாட்டு வால்வு இறுக்கமாக மூடியிருப்பது மிக முக்கியம். அது கசிந்தால், முதல் டர்போ அமுக்கிய காற்று, நின்றுகொண்டிருக்கும் இரண்டாவது கம்ப்ரசர் வழியாகவே பின்னோக்கி ஓடித் தப்பிவிடும்.

படி 2: முன்சுழற்சி. சுற்று ஏறி, முதல் டர்போ தன் எல்லையை நெருங்குகிறது. இப்போது சிறிய கதவான மாற்றுவழி வால்வு கொஞ்சம் திறக்கும். முதல் டர்போவுக்கு மிஞ்சிய புகைவாயு அந்த வழியே இரண்டாவது டர்பைனைத் தொட்டுச் செல்லும். இந்த ஒரு அசைவில் இரண்டு வேலை முடிகிறது. முதல் டர்போவின் பூஸ்ட் எல்லை மீறாமல் நிற்கிறது. வீணாகப் போக வேண்டிய வாயுவிலேயே இரண்டாவது சக்கரம் வேகம் பிடிக்கிறது. ஓடும் மின்சார ரயிலில் தொற்றிக்கொள்ளும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். படியில் கால் வைக்கும் முன் நடைமேடையில் ரயிலோடு சேர்ந்து ஓடித்தான் ஆக வேண்டும். நின்ற இடத்திலிருந்து தாவினால் என்ன ஆகுமோ, அதுவே முன்சுழற்சி இல்லாத டர்போவுக்கும் ஆகும். என் கணிப்பில் இந்த அமைப்பின் மிகப் புத்திசாலித்தனமான பகுதி இதுதான்; பழுதானால் யாரும் சந்தேகப்படாத பகுதியும் இதுவே.

படி 3: கதவு திறப்பு. சுமார் 4,000 ஆர்பிஎம்மில் பெரிய புகைக் கட்டுப்பாட்டு வால்வு முழுதாகத் திறக்கும். புகைவாயு இரண்டு டர்பைன்களுக்கும் பிரியும். கவனியுங்கள்: அதுவரை ஒரு சக்கரத்துக்குக் கிடைத்ததை இப்போது இரண்டு பங்கிட்டுக்கொள்கின்றன. முதல் சக்கரம் கொஞ்சம் வேகம் இழக்கும். இரண்டாவது இன்னும் முழு வேகத்துக்கு வந்திருக்காது. பூஸ்ட் முள் ஒரு நொடி கீழே இறங்குவது இதனால்தான். நல்ல நிலையில் இருக்கும் காரிலும் இந்தச் சரிவு உண்டு. அது எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதே கேள்வி.

படி 4: காற்று சேர்ப்பு. இரண்டாவது கம்ப்ரசரின் அழுத்தம் முதலாவதை எட்டும்வரை அதன் காற்றை உள்ளே விட முடியாது. விட்டால் காற்று எதிர்த்திசையில் ஓடும். ரீட் வால்வு இந்த இடைவேளைக்குத்தான். இரண்டாவதன் அழுத்தம் மிஞ்சிய கணத்தில் நாக்கு தானாகத் தூக்கிக்கொண்டு வழிவிடும். பின்னாலேயே காற்றுக் கட்டுப்பாட்டு வால்வு முழு வாயிலையும் திறந்துவிடும். கணினிக்கு உத்தரவு போட நேரமாகும் இடத்தில் ஒரு உலோகத் தகடு தானே முடிவெடுப்பதைப் பாருங்கள்.

படி 5: இணை ஓட்டம். இனி இரண்டும் சரிசமமாக ஓடும். வேஸ்ட்கேட் மட்டும் பூஸ்ட்டைப் பார்த்துக்கொள்ளும். மேல்ச் சுற்றில் இது சாதாரண இணை டர்போ காரைப் போலவே நடந்துகொள்ளும்.

படி 6: திரும்பி வருதல். சுற்று இறங்கும்போது கதவுகள் மூட வேண்டும். ஆனால் திறந்த அதே சுற்றில் மூடினால், அந்த எல்லையில் கார் ஊசலாடும்போதெல்லாம் வால்வுகள் படபடவென்று அடித்துக்கொள்ளும். அதனால் மூடும் எல்லையைத் திறக்கும் எல்லையைவிடக் கீழே வைப்பார்கள். வளைவுகள் நிறைந்த தடத்தில் ஒரே ஆர்பிஎம்மில் ஒருமுறை ஒற்றை டர்போவும் அடுத்தமுறை இரட்டையும் வேலை செய்வதற்கு இதுவே காரணம். வளைவின் நடுவில் இரண்டாவது டர்போ விழித்துக்கொண்டு பின்சக்கரங்களை வழுக்கவிட்ட கதைகள் இந்த கார்களைச் சுற்றி ஏராளம்.

இந்தக் கதவுகளை எது அசைக்கிறது? ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு ஆக்சுவேட்டர்: உள்ளே ரப்பர் சவ்வு, அதோடு இணைந்த கம்பி. பூஸ்ட் அழுத்தத்தை ஒரு சிறு தொட்டியில் சேமித்துவைத்து, மின்சாரத்தால் இயங்கும் சோலினாய்டு வால்வுகள் வழியாகத் திறந்தும் அடைத்தும் இந்தச் சவ்வுகளை இயக்குகிறார்கள். இன்ஜின் கணினியான இசியு கணக்குப் போடுகிறது; ஆனால் வேலையைச் செய்வது ரப்பர் குழாயில் ஓடும் காற்று.

ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வழி

இந்தப் பாதையைத் தொடங்கிவைத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியது போர்ஷே 959. 1986-இல் பாரிஸ்–டக்கார் பந்தயத்தை வென்ற கார், 2.85 லிட்டரில் 450 குதிரைத்திறன். அந்தக் காலத்து 911 டர்போவின் ஒற்றைச் சக்கரம் கீழே தூங்கி மேலே வெடிக்கும். அதை ஆற்றுப்படுத்தவே 959-க்கு வரிசைமுறை.

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் 13பி-ஆர்இடபிள்யூ சுழல் இன்ஜின் 654 சிசி கொண்ட இரண்டு ரோட்டர்களால் ஆனது. முதல் டர்போ சுமார் 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) பூஸ்ட் கொடுக்கும். 4,500 ஆர்பிஎம்மில் கைமாற்றம். பூஸ்ட் 8-க்கு இறங்கி மறுபடி 10-க்கு ஏறும். இந்த '10-8-10' ஓட்டம் அந்த காரின் நாடித்துடிப்பு. உரிமையாளர்கள் உடல்நலம் விசாரிப்பதே இந்த எண்களைக் கொண்டுதான். இதில் முன்சுழற்சியின்போது இரண்டாவது கம்ப்ரசர் அமுக்கும் காற்று அடைபட்டுத் திணறாமல் இருக்க ஒரு தனி விடுவிப்பு வால்வு உண்டு. கைமாற்றத்தில் அது மூடி, உள்நுழைவு வால்வு திறக்கும். இதற்கெல்லாம் சேர்த்து மூடிக்கு அடியில் ஓடும் மெல்லிய குழாய்களின் காட்டை ஆங்கிலத்தில் எலிக்கூடு என்கிறார்கள். மிகையில்லை.

சுபாரு லெகசியின் 2 லிட்டர் இரட்டை டர்போவில் கைமாற்றச் சரிவு மற்றவற்றைவிட ஆழம். 'மரணப் பள்ளத்தாக்கு' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. லாரியை முந்தும் நேரத்தில் அந்தப் பள்ளத்தாக்கு வந்தால் பெயர்க்காரணம் புரியும்.

சுப்ரா ஜப்பானில் 2002-இல் நிறுத்தப்பட்டது. ஆர்எக்ஸ்-7-உம் அதே ஆண்டில். மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதுதான் காரணம். இந்த அமைப்புக்கு அதில் இயற்கையிலேயே ஒரு பாதகம் உண்டு: இரண்டு டர்போ வீடுகளும் கனமான வார்ப்பிரும்புக் குழாய்களும் புகையின் வெப்பத்தைக் குடித்துவிடுவதால், காலையில் இன்ஜினைக் கிளப்பும்போது புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடேறத் தாமதமாகும். கூடவே, வேறு விடைகளும் வந்துவிட்டன. 2006-இல் போர்ஷே 911 டர்போ பெட்ரோல் காரிலேயே இறக்கைகள் திரும்பும் மாறுவடிவ டர்போவைக் கொண்டுவந்தது. நம் ஊர் ஸ்கார்ப்பியோ டீசல்களில் பல காலமாக இருக்கும் யோசனைதான். பெட்ரோல் புகையின் கடும் வெப்பத்தைத் தாங்கும் உலோகம் கிடைக்கத்தான் காத்திருந்தார்கள். இப்போது மெர்சிடிஸ்-ஏஎம்ஜி சி43 போன்றவற்றில் டர்போ தண்டிலேயே மின்மோட்டார் வந்துவிட்டது.

டீசலில் மட்டும் வரிசைமுறை இன்னும் கொஞ்ச காலம் நன்றாக வாழ்ந்தது. ஜாகுவார் எக்ஸ்எஃப்பிலும் ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட்டிலும் வந்த 3 லிட்டர் வி6 டீசலில் சுமார் 2,800 ஆர்பிஎம்வரை மாறுவடிவ டர்போ ஒன்று தனியாக ஓடும். அதற்கு மேல் சிறிய இரண்டாவது சேரும். போட் கிளப் சாலையில் ஒதுக்குப்புறமாக நிற்கும் பழைய ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் ஒன்றுக்குள் இந்த ஏற்பாடு ஒளிந்திருக்கலாம். 2016-இன் ஆடி எஸ்க்யூ7 எல்லாவற்றையும் மிஞ்சியது: ஒவ்வொரு சிலிண்டரின் இரண்டு புகை வால்வுகளில் ஒன்று முதல் டர்போவுக்கு, மற்றொன்று இரண்டாவதற்கு. கீழ்ச் சுற்றில் இரண்டாம் வால்வுகளைத் திறக்கவே விடாமல், வால்வுகளை அசைக்கும் கேம் தண்டிலேயே கைமாற்றத்தை முடித்துவிட்டார்கள். தனிக் கதவே தேவைப்படவில்லை.

சென்னை வெயிலின் கணக்கு

ஜப்பானியக் குளிரில் அளந்த எண்களை மே மாதச் சென்னையில் எதிர்பார்க்கக் கூடாது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.20 கிலோ, 40 டிகிரியில் 1.13. தொடக்கத்திலேயே 6 சதவீதம் போய்விட்டது. 35 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நாளில் கடற்காற்றில் ஏறத்தாழ 4 சதவீத இடத்தை நீராவி பிடித்துக்கொள்ளும். அது எரியப் பயன்படாது.

அடுத்து அமுக்கும்போது ஏறும் சூடு. ஒரு பார் என்பது ஏறத்தாழக் கடல் மட்டக் காற்றழுத்தம்; 0.7 பார் பூஸ்ட் என்றால் காற்றை 1.7 மடங்கு அமுக்குகிறோம். 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரசரில் 40 டிகிரிக் காற்று உள்ளே போனால் சுமார் 113 டிகிரியாக வெளியே வரும். அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஓரளவு நல்லதாக இருந்து, அந்த ஏற்றத்தில் 70 சதவீதத்தைக் கழித்தால் 62 டிகிரி. கூலர் இல்லாவிட்டால் 1.7 மடங்கு அழுத்தத்துக்குக் கிடைப்பது 1.38 மடங்கு காற்றுதான், கூலரோடு 1.59 மடங்கு. கிண்டி நெரிசலில் அரை மணி நேரம் நின்ற காரின் இன்டர்கூலரே சுடுகலமாகியிருக்கும். சிக்னல் பச்சையானதும் முதல் பாய்ச்சல் மந்தமாக இருந்தால் டர்போவைக் குறைசொல்ல வேண்டாம்.

ஒரு ஆறுதல்: நாம் கடல் மட்டத்தில் இருக்கிறோம். 2,240 மீட்டர் உயர உதகையில் காற்றழுத்தம் ஏறத்தாழ முக்கால் பங்குதான். இன்ஜினுக்குள் அதே அழுத்தத்தைக் காட்ட டர்போ அங்கே 2.2 மடங்கு அமுக்க வேண்டும். சக்கரம் இன்னும் வேகமாகச் சுழலும். இரண்டு டர்போவில் ஒன்று பலவீனமாக இருந்தால் மலை ஏறும்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

நகர ஓட்டத்தில் வேறொரு தொல்லை. அண்ணா சாலையில் 3,000 ஆர்பிஎம்மைத் தாண்ட வாய்ப்பே இல்லை. இரண்டாவது டர்போ மாதக்கணக்கில் உறங்கும்; அதன் புகைக் கதவில் கரி படிந்து, ஒருநாள் திறக்க மறுக்கும். வாரத்துக்கு ஒருமுறையாவது சூடான இன்ஜினோடு கைமாற்றச் சுற்றைத் தாண்டவிடுங்கள். அதற்குச் சட்டத்தை மீற வேண்டியதில்லை. இரண்டாவது கியரில் 4,500 ஆர்பிஎம் என்பது பெரும்பாலான கார்களில் 100 கி.மீ. வேகத்துக்குள்ளேயே வந்துவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் பாய்வதைத் தவிருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தடம் ஒன்று இருப்பது இதற்குத்தான்.

சோதிப்பது எப்படி

படி 1: எண்களை எழுதுங்கள். பூஸ்ட் மீட்டர் ஒன்றைப் பொருத்தி, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக் கைப்பேசியில் மீட்டரையும் ஆர்பிஎம்மையும் ஒரே சட்டகத்தில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். தடத்திலோ, காரை உருளைகள்மேல் நிறுத்தி ஓட்டிச் சக்தியை அளக்கும் டைனோவிலோ மூன்றாவது கியரில் 2,000-இலிருந்து மேல் எல்லைவரை முழு ஆக்சிலரேட்டர். பிறகு அந்தப் படத்தை நிதானமாக ஓட்டிப் பாருங்கள். கைமாற்றத்துக்கு முன் எவ்வளவு, சரிவில் எவ்வளவு, பின் எவ்வளவு என்ற மூன்று எண்கள் போதும்.

படி 2: வடிவத்தைப் படியுங்கள். கீழே நன்றாக எழுந்து, 4,000-க்கு மேல் பூஸ்ட் சரிந்துகொண்டே போனால் இரண்டாவது டர்போ வரவே இல்லை: புகைக் கதவு அல்லது காற்றுக் கதவு திறக்கவில்லை. கீழே மந்தம், மேலே முழு வேகம் என்றால் புகைக் கதவு திறந்த நிலையில் சிக்கியிருக்கலாம். கார் எப்போதும் இணை அமைப்பாக ஓடுகிறது. கீழே மந்தம், கூடவே காற்று வடிகட்டிப் பக்கம் 'ஸ்ஸ்' என்ற சத்தம் என்றால் காற்றுக் கதவோ ரீட் வால்வோ கசிகிறது. இரண்டு முனையும் சரி, நடுச்சரிவு மட்டும் நீளம் என்றால் முன்சுழற்சி நடக்கவில்லை. கைமாற்றத்தில் பூஸ்ட் குதித்து, இன்ஜினின் இழுவை சட்டென்று அறுபட்டால் வேஸ்ட்கேட் வழியைப் பாருங்கள்.

படி 3: குழாய்களிலிருந்து தொடங்குங்கள். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் நான் பார்த்தது இது. 'அண்ணே, இரண்டு டர்போவையும் மாற்ற வேண்டும் என்று வேறொரு இடத்தில் சொல்லிவிட்டார்கள்' என்று ஓர் இளைஞர் முகம் வாடி நின்றார். மேஸ்திரி மூடியைத் தூக்கி, டர்போவுக்கு மேலே ஓடிய சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத குழாய் ஒன்றை இரண்டு விரலால் கிள்ளினார். வளைய வேண்டிய ரப்பர் சடக்கென்று உடைந்து, கரித்தூள் விரலில் ஒட்டியது. 'தம்பி, டர்போவை விடுங்கள். இதற்கு மீட்டர் கணக்கில்தான் விலை' என்றார். பழைய ரப்பர் எல்லாவற்றையும் சிலிகான் குழாயாக மாற்றுங்கள்; ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கழற்றி, அதே நீளத்தில் வெட்டி, அதே இடத்தில் பூட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்கினால் திரும்ப மாட்டுவதற்குள் பொழுது விடிந்துவிடும். ஒருவழி வால்வுகள் எந்தத் திசை பார்த்து இருந்தன என்று கழற்றும் முன் படமெடுத்து வையுங்கள்.

படி 4: ஆக்சுவேட்டர்கள். கைப்பம்பால் அழுத்தம் கொடுத்தால் கம்பி தயங்காமல் நகர வேண்டும்; நகர்ந்த இடத்தில் ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும். மெல்லத் திரும்பினால் சவ்வு கிழிந்திருக்கிறது. கம்பியே அசையவில்லை என்றால், அதைக் கழற்றிவிட்டு வால்வுக் கையைத் தனியாக அசைத்துப் பாருங்கள், கரியில் இறுகியிருக்கும்.

படி 5: சோலினாய்டுகள். 12 வோல்ட் கொடுத்தால் 'டிக்' என்று ஒலி வர வேண்டும். ஒலி மட்டும் போதாது. வாயால் ஊதிப் பார்த்து, மின்சாரம் இருக்கும்போதும் இல்லாதபோதும் காற்று வழி மாறுகிறதா என்று உறுதிசெய்யுங்கள். பல சோலினாய்டுகள் ஒலிக்கும், ஆனால் உள்ளே அடைத்திருக்கும்.

படி 6: இதன் பிறகே டர்போ. இரண்டு கம்ப்ரசர் சக்கரங்களையும் விரலால் சுழற்றி, தண்டு முன்பின்னாக ஆடுகிறதா, இறக்கை வீட்டில் உரசிய தடம் உண்டா என்று பாருங்கள். தேவைப்பட்டால் பழுதுபார்க்கலாம், இந்திய வாகனங்களுக்கு டர்போ செய்யும் டர்போ எனர்ஜி நிறுவனமே சென்னையைச் சேர்ந்தது, டர்போவைச் சமநிலைப்படுத்தத் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய டர்போவை வாங்கும் ஆசை மட்டும் வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் சுழலும் சக்கரத்தின் பூர்வீகம் தெரியாமல் அதை இன்ஜினில் பூட்டுவது சூதாட்டம்.

எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாமா?

சலித்துப்போன உரிமையாளர்கள் இரண்டு வழிகளைத் தேடுவார்கள். ஒன்று, புகைக் கதவையும் காற்றுக் கதவையும் நிரந்தரமாகத் திறந்துவைத்து இணை அமைப்பாக ஓட்டுவது. செலவு சொற்பம், கைமாற்றக் கோளாறு முற்றிலும் ஒழியும். பதிலுக்கு 3,500 ஆர்பிஎம் வரை கார் சோம்பலாகிவிடும், அதாவது சென்னையில் நீங்கள் ஓட்டும் நேரம் முழுவதும். தடத்துக்கு மட்டும் எடுத்துப்போகும் காருக்கு இது சரி. தினமும் வேளச்சேரியிலிருந்து நுங்கம்பாக்கம் போகிறவருக்கு முட்டாள்தனம். இரண்டாவது, இரண்டையும் கழற்றிவிட்டு நவீன ஒற்றை டர்போ. இன்றைய பால் பேரிங் டர்போக்கள் அந்தக் கால இரட்டையர்களை நன்றாகவே சமாளிக்கும். ஆனால் இசியு, எரிபொருள், எக்ஸாஸ்ட் என்று செலவு நீளும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. காப்பீட்டு நிறுவனமும் விபத்துக்குப் பிறகு முதலில் தேடுவது இதைத்தான்.

எதைச் செய்வதானாலும் முதலில் குழாய்களை மாற்றி, அதே கியரில், அதே நேரத்து வெயிலில் அந்த மூன்று எண்களை மறுபடி பதிவுசெய்யுங்கள். சரிவு ஆழமில்லாமல் ஒரு நொடிக்குள் நிரம்பிவிட்டால், கழற்றுவதற்கு எதுவும் இல்லை.